நின்ற இடத்தில் ஓடிய வண்டி

முன்னால் நின்ற வெள்ளை வண்டியின் வயிற்றிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகியது என்று சொல்வதே பெருந்தன்மைதான். விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, கறுப்புக் கயிறு மாதிரி இறங்கி, கீழே வைத்திருந்த தகரத் தட்டில் சோம்பலாகச் சுருண்டு படுத்தது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உடுமலைப்பேட்டை பழனி ரோட்டில் சிக்கந்தர் பாயின் பட்டறை. வேப்பமரத்தடியில், எந்தக் காலத்து வேனிலிருந்தோ பிடுங்கிப் போட்ட சீட்டு ஒன்று. அதில் ஓரமாக, யாரோ வந்து எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டி அடுத்த முறைக்காக நின்றது. அவருடைய வண்டி என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வண்டி. தங்கை தமயந்தியின் வீட்டுக்காரர் லோகநாதனின் வண்டி. அதை மறக்காமலிருக்கத்தான் இந்த மூன்று வருஷமாக அதன்மேல் ஈரத் துண்டைக்கூட அவர் காயப்போட்டதில்லை. பாய் வெள்ளை வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, அதன் சொந்தக்காரரிடம், "ரெண்டு வருசம் மாத்தாம ஓட்டுனா இப்படித்தானுங்ணா. இது எண்ணெயில்ல, தாரு," என்றார். சொந்தக்காரர் செல்போனைப் பார்த்தபடி உம் கொட்டினார். திடுக்கிட்டவர் சென்னியப்பன்தான். இரண்டுக்கே தார் என்றால் மூன்றுக்கு என்ன? தாருக்கு அப்புறம் என்ன இருக்கிறது, கல்லா?

நேற்றுக் காலையில்தான் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறார்கள், ஒரு மாசம் இருப்பார்கள், வண்டியைத் தாராபுரத்துக்கு, மாப்பிள்ளையின் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எல்லாம் நல்ல சேதிதான். தமயந்தியைப் பார்க்கப்போகிறோம் என்று மனசு துள்ளிக்கொண்டிருக்கும்போதே லோகநாதன் போகிற போக்கில், "மச்சான், ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். மாற்றவேண்டும் என்பதே தெரியாது மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாய் முந்திக்கொண்டது. அதெல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டது. லோகநாதனுக்கு ஒரே சந்தோஷம். பத்தாயிரம் கிலோமீட்டரோ ஒரு வருஷமோ, எது முன்னால் வருகிறதோ அதற்கு மாற்றிவிடவேண்டும், ஓடாத வண்டியானாலும் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம், நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை மச்சான் என்று வேறு சொல்லிவிட்டு வைத்தார். அந்த நிறையப் பேரில் ஒருவர் கையில் இட்லித் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு எண்ணெய் மாற்றுவது, போடாத செருப்புக்கு யாராவது அடி மாற்றுவார்களா என்று சமாதானம் தேடிப் பார்த்தார். சமாதானம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஆபீசில் ஒரு லைன்மேனிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி ஜாடையாக விசாரித்ததில், அவன் நெருப்பை அள்ளிக் கொட்டினான். எண்ணெய் கெட்டால் என்ஜின் உள்ளுக்குள் கட்டிப்பிடித்துக்கொள்ளும், சொல்லாமல் கொள்ளாமல் நடு ரோட்டில் நின்றுவிடும், அப்புறம் கழற்றி எறிய வேண்டியதுதான் என்றான். வீட்டில் ருக்குமணி மட்டும், "எதுக்குப் பயந்துக்கறீங்க, அதுக்கொண்ணும் ஆயிருக்காதுங்க," என்று சொன்னாள். நேற்று இரண்டு தடவை சொன்னாள், இன்றைக்குக் காலையில் பாய் வந்து வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்றும் சொன்னாள். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அவள் உள்ளே போனாள், போகும்போது பாயிடம் மட்டும் மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலாவது திட்டுக்குத் தகுதி உண்டு. அவர் செய்தது கொஞ்சநஞ்சமா? தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறுவார். வாரத்தில் பாதி நாள் சீட்டு முன்னால் நகர்ந்து கிடக்கும், முழங்கால் இடிக்கும். பழைய வண்டி, தானாக நழுவுகிறது போல என்று நினைத்து, அடியிலிருக்கும் கம்பியை இழுத்துப் பின்னால் தள்ளிக்கொள்வார். சாவியைத் திருப்பினால் முன்பலகையில் சிவப்பாக ஒரு சின்னப் படம் எரியும். மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. என்ஜின் பிடித்ததும் அது அணைந்தால் நல்லது, அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள் என்பது லோகநாதன் ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். அந்த ஒரே பாடத்தை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டார். படம் அணைந்ததும் கையெடுத்துக் கும்பிடுவார். ரேடியோவில் மாநிலச் செய்தி முடிகிறவரை வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். பிறகு அணைத்து, துடைத்து, உறை போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். மின்சார வாரியத்தில் அவருக்கு வேலை, வீடுவீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை தம் வீட்டு மீட்டரைப் பார்க்கிற அன்றைக்கு, பழக்கதோஷம், வண்டி மீட்டரையும் ஒரு பார்வை பார்ப்பார். ஏறியிருக்கும். ஏறத்தானே செய்யும்? மோட்டார் ஓடினால் மீட்டர் ஏறுகிறது, காற்றாடி ஓடினால் மீட்டர் ஏறுகிறது, என்ஜின் ஓடினால் இந்த மீட்டர் ஏறுகிறது. நாம் ஒரு நாள் விடாமல் ஓட்டுகிறோம் என்பதற்கு அது ஒரு சாட்சி மாதிரி இருக்கும், மனசு குளிர்ந்துபோகும். இவ்வளவு யூனிட்டா என்று சண்டைக்கு வருகிற வீட்டுக்காரர்களிடம் அவர் எப்போதும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு, மீட்டர் பொய் சொல்லாதுங்க என்று. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பெட்ரோல் போடுகிற பொறுப்பு ருக்குமணியுடையது. கேஸ் சிலிண்டர் மாதிரிதானே, நான் யாரையாவது விட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறேன், நீங்கள் அதைப் பற்றி நினைக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அவரும் நினைக்கவில்லை.

வெள்ளை வண்டியின் கயிறு இப்போது நூலாகி, நூல் சொட்டாகி, சொட்டும் நின்றுபோனது. பாய் டீ குடிக்கப் போனார். அவர் டீ குடித்து முடிக்கிறவரைதான் ஆயுசு என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. அவர் வந்து மூடியைத் திறப்பார், உள்ளே பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கல் தாராபுரத்துக்குப் போகும். தாராபுரத்தில் லோகநாதனின் அம்மா இருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லமாட்டார், தங்கமான மனுஷர். அந்த அம்மா சொல்லும். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கிரைண்டர் முதல் பொங்கலுக்கே புகைவிட்டு நின்றதை இத்தனை வருஷம் கழித்தும் அந்த அம்மா மறக்கவில்லை. கரண்டு ஆபீசுக்காரர் கொடுத்த கிரைண்டர் என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிச் சிரிக்கும். தமயந்தி அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் காபி கொடுக்கவேண்டும். அவள் அண்ணனிடம் ஒருநாளும் குறைப்பட்டதில்லை, அதுதான் அவருக்கு முள். கிரைண்டருக்கே இவ்வளவு என்றால் காருக்கு எவ்வளவு? உங்கண்ணன் கையில் கொடுத்த சாமான் உருப்பட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் போதும். ஓடி ஓடிக் கெட்டிருந்தாலாவது நாலு பேர் அனுபவித்தார்கள் என்று இருக்கும். இது யாரும் உட்காராமலே கெட்டது. அவர் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, ஒடித்ததை மறுபடி ஒடித்து, இனி ஒடிக்க முடியாது என்கிற அளவுக்கு வந்ததும் கீழே போட்டார்.

யாரும் உட்காராமலே. அந்த வார்த்தை ஆணியில் மாட்டிய வேட்டி மாதிரி அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. ருக்குமணி கேட்டாள் அல்லவா? வண்டி வந்த புதிதில் கேட்டாள். ஒரு டிரைவரைக் கூப்பிட்டுத் திருமூர்த்தி அணைக்குப் போய்வரலாமா, தண்ணீர் நிறைந்து கிடக்கிறதாமே என்றாள். மகளை ஓசூருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வருஷம் அது, வீடு வெறிச்சென்று இருந்தது. அடுத்தவர் வண்டியில் நாம் உலாப் போவதா என்று அவர் மறுத்தார். சரி, நீங்களே ஓட்டப் பழகுங்கள், மாப்பிள்ளைதான் ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே என்றாள். அதற்கும் போனார், டிரைவிங் ஸ்கூலுக்கு. மூன்றாம் நாளே நேராகக் கொண்டுபோய் ஒரு மின்கம்பத்தில் சாத்தினார். ஊரில் எத்தனையோ மரம் இருக்க, சொந்த வாரியத்தின் கம்பம். அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தெரு முழுக்க இருட்டு, அவருடைய ஆபீஸ் ஆட்களே ஏணியோடு வந்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இந்த வீட்டில் யாரும் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, உயிர் போனால் யார் தருவார்கள் என்று சத்தம். பயத்தை மறைக்கிறவனுக்குத்தான் அவ்வளவு சத்தம் வரும். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அப்போது அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஒத்துக்கொண்டாள் என்று கணக்கு வைத்துக்கொண்டார். நின்ற எண்ணெய் வெளுத்துப்போய் மோர் மாதிரி ஆகிவிடும் என்று லைன்மேன் சொன்னதை அசைபோட்டபடி நேற்று ராத்திரி அவர் நினைத்தது, சத்தியமாக, என்ஜினை மட்டுமல்ல. ஒரே அடுப்படி, ஒரே கொடி, ஒரே தெரு. அவள் ஆசைகளுக்கும் அவர் ஓர் உறையைப் போட்டு, நிறுத்தி, தினமும் காலையில் நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்துவிட்டுச் சைக்கிளில் போய்விட்டாரோ? கேட்கிறவள் கேட்காமல் போனால் உள்ளே என்ன ஆகியிருக்கும்? அதைத் திறந்து பார்க்கிற பாய் எந்த ஊரில் இருக்கிறார்?

டீ குடித்துவிட்டு வந்த பாய், கையைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார். சென்னியப்பன் எழுந்தார். போகாமலிருக்கலாமா என்று நினைத்தார், கால் அதற்குள் போய்விட்டது. அண்ணா, மூணு வருசமா மாத்தலைன்னு சொன்னீங்கல்ல என்று பாய் ஒருமுறை கேட்டுக்கொண்டார். சென்னியப்பன் தலையாட்டினார். பாய் வளையம் போட்ட நீளக் கம்பி ஒன்றை உருவினார், எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி. உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவினார். வெயிலில் நீட்டிப் பிடித்தார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடாது, தெரியும், ஆனாலும் மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் தாராபுரத்து அம்மா காபி டம்ளரோடு சிரித்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமலிருக்கிறார் என்றால் பிதுக்கலையும் தாண்டிய விஷயம். கண்ணைத் திறந்தார். கம்பியின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு துளி நின்றது. பாய் அதை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, அப்புறம் குனிந்து பக்கத்தில் எதையோ தடவிப் பார்த்தார். "இத எதுக்குங்ணா மாத்தோணும்? நல்லாத்தான இருக்குது. பொங்கலுக்கு முன்னப்பின்ன மாத்துன எண்ணெயாட்ட இருக்குது, பில்டரும் புதுசு," என்றார்.

முதலில் நிம்மதி வரவில்லை. நிம்மதிக்கும் ஒரு வழி வேண்டுமே, அது எந்தப் பக்கம் வருவது என்று தெரியாமல் வாசலில் நின்றது. யாரும் மாற்றவில்லையே பாய் என்றார். யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார் பாய், எண்ணெய் தானாகப் புதுசாகாது. காலையில் ஓட்டிக்கொண்டு வரும்போதே பார்த்தேன், நின்ற வண்டி மாதிரியே இல்லை, குதிரை மாதிரி இழுத்தது என்றும் சொன்னார். அப்போதும் சொன்னார்தான், சென்னியப்பன் அதை உபசாரப் பேச்சு என்று விட்டுவிட்டார். மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பாய் கேட்டார். அதற்கு எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, போன வாரம்தான் கணக்கெடுத்தது, சென்னியப்பன் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். மாப்பிள்ளை விட்டுப்போகும்போது பதினோராயிரம், இப்போது இருபத்தாறாயிரத்துச் சொச்சம். பாய், அப்புறமென்ன, நன்றாகத்தானே ஓட்டியிருக்கிறீர்கள் என்றார். சென்னியப்பன், ஓட்டவில்லை பாய், எனக்கு ஓட்டத் தெரியாது, காலையில் ஸ்டார்ட் செய்து வைப்பேன், அதில் ஏறியது என்றார். பாய் அவரைப் பார்த்தார். சிரிக்கிற முகம்தான், ஆனால் சிரிக்கவில்லை. மீட்டர்காரரிடம் மீட்டர் பற்றிப் பேசுகிறோமே என்ற சங்கடம் அவருக்கு. "நின்ன எடத்துல நாள் பூரா உறுமுனாலும் அது ஒண்ணுகூட ஏறாதுங்ணா. சக்கரம் உருண்டாத்தான் ஏறும்," என்றார்.

சக்கரம் உருண்டால்தான். சென்னியப்பன் திரும்பிவந்து வேன் சீட்டில் உட்கார்ந்தார், இந்தத் தடவை ஓரமாக அல்ல, நடுவில், தொப்பென்று. பதினைந்தாயிரம். சக்கரம் உருண்டிருக்கிறது. சீட்டு தானாக நகரவில்லை. அவரைவிட அரை முழம் குட்டையான ஒருத்தி அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலடி மிதியில் மணல் கிடந்ததே, தெருவில் புழுதி அதிகம் என்று உதறினோமே, அது அணைக்கரை மணல். முன்பலகையில் ஒரு நாள் காய்ந்த அரளிப் பூ இருந்தது, அணைப் பக்கத்து அமணலிங்கேசுவரர் கோயில் பூ, பிரசாதம் யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, தெரிந்தவர்கள் போய்வந்தார்கள் என்றாள். தெரிந்தவர்கள்தான், ரொம்பத் தெரிந்தவர்கள். வள்ளி கும்மி பழகப் போகிறேன் என்று சாயங்காலச் சாயங்காலம் தலைசீவிக் கிளம்பினாளே, போனது டிரைவிங் ஸ்கூலுக்கு; அந்த வருஷம் ஊர் கூடிக் கும்மி அரங்கேற்றம் நடந்தபோது கால்வலி என்று ஆடாமல் உட்கார்ந்துகொண்டாளே, அப்போதும் அவர் தைலம் அல்லவா தேய்த்துவிட்டார்! எதிர்வீட்டு மாராத்தாள், உங்க வீட்டுக்காரம்மா இப்பவெல்லாம் ரொம்பத் தைரியமுங்க என்று சொல்லிச் சிரித்தாள், மின்கட்டணம் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வார்கள், இவள் முழுக் காரை மறைத்திருக்கிறாள். தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. மீட்டருக்குப் பின்னால் ஒயரைத் திருப்பிக் கரண்டு திருடுகிறவர்களை வாசலில் நின்றே மோப்பம் பிடிக்கிற மனுஷன், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை இதையும் படித்தார், கணக்கு சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளதைத்தான் சொன்னது. கேட்டவருக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

கோபம் வரவேண்டிய இடம் இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தார். எதிரே லாரி, பஸ், அதுவா இதுவா, அவள் அதற்கு நடுவிலா என்று நெஞ்சு ஒருமுறை பதைத்தது. பதைத்துவிட்டு, பதைக்க வேண்டிய காலமெல்லாம் ஏற்கனவே கடந்துபோய்விட்டது, அவள் ஒவ்வொரு தடவையும் பத்திரமாக வீடு திரும்பி ரசம் வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அடங்கியது. தினமும் நின்ற இடத்திலேயே உறுமவிட்டது அவர். அப்படி மட்டுமே விட்டிருந்தால் உள்ளே மோராகியிருக்கும் என்று பாய் பக்கத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். சூடேற ஓடினால்தான் எண்ணெய்க்குள் இறங்கிய ஈரம் ஆவியாகும், யாரோ புண்ணியவான் நல்ல ரோட்டில் நன்றாக ஓட்டியிருக்கிறார், காலாகாலத்தில் எண்ணெயையும் மாற்றியிருக்கிறார் என்றார். புண்ணியவதி என்று சென்னியப்பன் மனசுக்குள் திருத்தினார். அப்போதுதான் நிம்மதிக்கு வழி கிடைத்தது. காலிலிருந்து ஏறி, வயிற்றைத் தொட்டு, தோளில் வந்து உட்கார்ந்து, தோளைக் கீழே இறக்கியது. தமயந்தி காபி டம்ளரோடு நிமிர்ந்து நிற்பாள். அந்த அம்மாவுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்காது. இது ஒன்று. இன்னொன்று அதைவிடப் பெரிது. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கேட்பதை விட்டுவிடவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் நினைத்துப் பயந்தபடி உள்ளே ஒன்றும் இறுகவில்லை. அணைத் தண்ணீர் நிறைந்தபோதெல்லாம் அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். தனியாக, ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றில் முந்தானை பறக்க. அதை நினைத்ததும் சென்னியப்பனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கூடவே, நம்மைக் கூப்பிடவில்லையே என்று கொஞ்சம் வலித்தது. கூப்பிட்டாளே, முதலில் நம்மைத்தானே கூப்பிட்டாள் என்று அந்த வலிக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

பாய் முன்மூடியைச் சாத்தினார். பார்த்ததற்குக் கூலி வேண்டாம் என்றார். மடத்துக்குளத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டது, உடனே போகவேண்டும், சாயங்காலம் வந்து வீட்டில் விடட்டுமா என்று கேட்டார். சென்னியப்பன், வேண்டாம் பாய், எடுத்துப்போக ஆள் இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது, அவருக்கே தெரிந்தது. வேப்பமரத்தின் மறுபக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "ருக்கு, வண்டி நல்லாருக்குதாம். பாய் வெளிய கெளம்பறாரு. வந்து எடுத்துட்டுப் போறியா?" என்றார். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. அது அடங்குகிறவரை இரண்டுபேரும் காத்திருந்தார்கள். பிறகு அவள், "லைசென்ச அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கறனுங்க. எடுத்துட்டு வர்றேன்," என்றாள். வைக்கும் முன் கோபமா என்று கேட்டாள். மெதுவாக வா, அவசரமில்லை என்றார் அவர்.

அவள் மினிபஸ் பிடித்து வருகிறவரை அவருக்கு ஒரு வேலை இருந்தது. வண்டிக் கதவைத் திறந்தார். மூன்று வருஷமாகத் தினம் பின்னால் தள்ளிய சீட்டு. குனிந்து அடிக்கம்பியை இழுத்தார், முன்னால் நகர்த்தினார், எங்கே அது வழக்கமாகக் கிடக்குமோ அந்தப் பல்லில் கடக்கென்று விழுகிறவரை நகர்த்தினார். பிறகு சுற்றிப்போய், செருப்பைக் கழற்றாமலே, இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். ருக்குமணி வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள், உட்கார்ந்த கையோடு கை தானாகச் சீட்டுக்கு அடியில் கம்பியைத் தேடிப் போனது. சீட்டு அவள் இடத்தில் இருந்தது. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, அப்புறம் மேலே வந்து சாவியைத் திருப்பியது. சிவப்புக் குப்பி எரிந்தது, என்ஜின் பிடித்ததும் அணைந்தது. பழக்கத்தில் கும்பிடப்போன கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குத்தானுங்களே?" என்றாள். "அணைல தண்ணி இருக்குதா இப்ப?" என்று கேட்டார் அவர். பாதி இருக்கிறது, போன செவ்வாய்க்கிழமை பார்த்தது என்றாள். அங்கே போ என்றார். பட்டறை வாசலில் ஒரு லாரி கடக்கிறவரை வண்டி நின்று உறுமியது. அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அசையவில்லை. லாரி போனது, வண்டி ரோட்டில் ஏறியது, அணைக்குப் போகிற தளி ரோட்டில் திரும்பியதும் கடைசி எண் ஒன்று ஏறியது.